ஜர்னலில் வந்துவிட்டால் உண்மையாகிவிடுமா?

இந்த மாதக் கடிதக் கட்டில் பெரும்பகுதி ஒரே வீடியோவைப் பற்றியது. ‘பூமி சூடாவதற்கு மனிதன் காரணமே இல்லை, சூரியன் நம்மை நெருங்குகிறது, நேச்சர் ஜர்னலே வெளியிட்ட ஆய்வு’ என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பேசுகிறார். நம் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் ஒன்று விடாமல் சுற்றி வந்திருக்கிறது. வழக்கமான வீட்டு அறிவியல் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஜர்னல் எனப்படும் ஆய்விதழ்களுக்கு வரும் பேப்பர்களை, அதாவது ஆய்வுக் கட்டுரைகளை, படித்து மதிப்பிடும் வேலையும் நெடுங்காலம் செய்திருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறையும் உண்டு, கோபமும் உண்டு.

அம்மா, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறேன். சென்னையில் இருக்கும் மருமகன் அந்த வீடியோவை அனுப்பி, ‘எல்லாம் சூரியன் வேலை மாமா, யாரும் ஒன்றும் செய்ய முடியாது’ என்கிறார். கொடி கருகுவது கண்ணுக்குத் தெரிகிறது. சூரியன் பக்கத்தில் வருவது நிஜமா?
— விவசாயி, சோழவந்தான்

இல்லைங்க ஐயா. ஆனால் மருமகன் சொல்லும் ஆய்வு என்று ஒன்று நிஜமாகவே வெளிவந்தது. அதன் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

2019 ஜூனில் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ என்ற ஜர்னலில் அது வந்தது. நேச்சரை நடத்தும் நிறுவனம்தான் இதையும் நடத்துகிறது, ஆனால் இது வேறு ஜர்னல். எழுதியவர்கள் நான்கு பேர். முதன்மையானவர் பிரிட்டனின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலன்டினா ஷார்கோவா. வியாழன், சனி போன்ற பெரிய கோள்கள் இழுப்பதால் சூரியன் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதில்லை, சூரியக் குடும்பத்தின் பொதுவான நிறை மையத்தைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளாடுகிறது என்று தொடங்கினார்கள். இதுவரை சரி. அந்தத் தள்ளாட்டத்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் நூற்றாண்டுக் கணக்கில் மாறுகிறது, அதனால் வெப்பம் கூடுகிறது, 2600-ம் ஆண்டு வாக்கு வரை இது தொடரும் என்று முடித்தார்கள். பிழை இங்கேதான். சூரியன் நகரும்போது பூமியையும் கூடவே இழுத்துக்கொண்டுதான் நகர்கிறது. பூமி சுற்றுவது சூரியனை. நடுவில் இருக்கும் தூரம் அவர்கள் சொன்ன அளவுக்கு மாற வழியே இல்லை.

பேப்பர் வெளிவந்த சூட்டோடு மற்ற இயற்பியலாளர்கள் இதைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டினார்கள். ஜர்னல் மறுபடி ஆராய்ந்து 2020 மார்ச்சில் அந்தப் பேப்பரைத் திரும்பப் பெற்றது. எழுதிய நால்வரில் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார், மற்ற மூவர் ஏற்கவில்லை. வீடியோவில் 2019 இருக்கிறது, 2020 இல்லை. பேசுகிறவருக்குத் தெரியாமல் விட்டுப்போயிருக்கலாம், தெரிந்தே விட்டிருந்தால் அது பாவம். உங்களைப் போல வெயிலை நம்பியும் வெயிலுக்குப் பயந்தும் பிழைக்கிறவர்களிடம் பாதிக் கதையைச் சொல்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே சமயம், சூரியன் மேல் சந்தேகப்படுவது முட்டாள்தனமான சந்தேகம் கிடையாது. அதற்கென்றே கட்டிய இடம் நம் பக்கத்து மலையில் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள், 1876 முதல் 78 வரை. மழை ஏன் பொய்த்தது, சூரியனில் வரும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அதற்குப் பிறகு வலுத்தது. 1893-ல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைக்க முடிவு செய்தது. 1899 ஏப்ரல் 1-ல் அது தொடங்கியது. அப்போது கொடைக்கானலும் மதுரை மாவட்டம்தான், திண்டுக்கல் தனியாகப் பிரிந்தது 1985-ல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அங்கே சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள், கண்ணாடித் தகடுகளில் பதிந்த பழைய படங்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது அருங்காட்சியகத்தில் சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழவைத்துக் காட்டுவார்கள். முகத்தில் மச்சம் போலப் புள்ளிகள் தெரியும். பதினோரு வருடத்துக்கு ஒரு சுற்றாக அந்தப் புள்ளிகள் பெருகும், அடங்கும்.

அந்தச் சுற்றில் சூரியன் தரும் வெப்பம் எவ்வளவு மாறுகிறது என்று 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. பூமிக்கு வெளியே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். புள்ளிகள் கூடும்போதும் குறையும்போதும் இதில் ஏறி இறங்குவது ஏறத்தாழ 1 வாட்தான். தொடர்ந்து ஏறிக்கொண்டே போகவில்லை. 2014 வாக்கில் உச்சத்துக்கு வந்த சுற்று நூறு வருடங்களில் மிகவும் பலவீனமான சுற்று, ஆனால் அதே பத்தாண்டில்தான் உலக வெப்பநிலைச் சாதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சான்று அதுதான். சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் அடி முதல் நுனி வரை சூடாக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காரணமாக இருந்தால் கீழே சூடாகி, மேலே இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர வேண்டும். மனாபே, வெதரால்டு என்ற இருவர் 1967-லேயே இதைக் கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள், அளந்து பார்க்கச் செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே. பிறகு அளந்தபோது கீழே சூடு, மேலே குளிர்ச்சி. மனாபேவுக்கு 2021-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

மருமகன் பேச்சைக் கேட்டுக் கொடிக்காலில் அகத்தி நிழலை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

மேடம், எங்கள் டிபார்ட்மென்ட்டில் ‘பியர் ரிவ்யூ ஆன பேப்பரா?’ என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. உண்மையில் அங்கே என்னதான் சரிபார்க்கிறார்கள்?
— எம்.எஸ்சி. மாணவி, நாகமலை

இதைக் கேட்டதற்கு உன்னைப் பாராட்டுகிறேன் அம்மா. நம் கல்லூரிகளில் இதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை.

பியர் ரிவ்யூ என்றால் சக ஆய்வாளர்களே படித்து மதிப்பிடுவது. பேப்பர் வந்ததும் எடிட்டர் அதைப் பார்க்கிறார். சகிக்கவில்லை என்றால் அங்கேயே திருப்பிவிடுவார். தேறும் என்று பட்டால் அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள்தான் ரெஃபரிகள். பெரும்பாலும் ஊதியம் கிடையாது, பெயரும் வெளியே வராது. வகுப்பு, விடைத்தாள், வீட்டு வேலை எல்லாம் முடிந்தபின் ராத்திரியில் உட்கார்ந்து படிக்க வேண்டும். ரெஃபரி கையில் இருப்பது எழுதி அனுப்பிய பக்கங்கள் மட்டுமே. அந்தச் சோதனைக்கூடத்தை அவர் பார்த்ததில்லை, சோதனையைத் தானே செய்து பார்ப்பதும் இல்லை. முறை சரியா, கணக்கு இடிக்கிறதா, சொல்லும் முடிவுக்குத் தரவு இடம் கொடுக்கிறதா, முன்பே யாராவது செய்ததா என்று பார்க்கிறார். ஒருவர் துணிந்து பொய்த் தரவு கொடுத்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஒரு தடவை என்னிடம் வந்த பேப்பரைச் சொல்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலம், வெவ்வேறு வெப்பநிலையில் பதப்படுத்திய மூன்று சாம்பிள், மூன்றுக்கும் எக்ஸ்ரே வரைபடம். உச்சிகள் அழகாக இருந்தன. ஆனால் வரைபடத்தின் அடிக்கோட்டில் எப்போதும் ஒரு நுண்ணிய நடுக்கம் இருக்கும், அது கருவியின் இரைச்சல். ஒரே சாம்பிளை இரண்டு முறை வைத்து எடுத்தாலும் அந்த நடுக்கம் ஒத்துப்போகாது. இந்தப் பேப்பரில் இரண்டாவது படத்தையும் மூன்றாவது படத்தையும் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ உறுத்தியது. பிரிண்ட் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிசிறு பிசிறாகப் பொருந்தியது. உச்சிகளை மட்டும் உயர்த்திவிட்டு ஒரே அளவீட்டை இரண்டு சாம்பிள் என்று காட்டியிருந்தார்கள். காரணத்தை எழுதி நிராகரிக்கச் சொன்னேன், ஜர்னலும் நிராகரித்தது. பிறகு ஒரு நாள் அதே பேப்பர், அதே படங்களோடு, வேறொரு ஜர்னலில் ‘பியர் ரிவ்யூ’ முத்திரையுடன் வெளிவந்திருப்பதைப் பார்த்தேன். அந்த எடிட்டருக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

அதற்காக இந்த முறையே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அலங்காநல்லூரில் வாடிவாசலுக்கு வரும் காளையைக் கால்நடை மருத்துவர் பார்த்துத் தகுதிச் சான்று கொடுக்கிறார், டோக்கன் கிடைக்கிறது. டோக்கன் வாங்கிய காளை எல்லாம் நின்று விளையாடும் என்று யாரும் சொல்வதில்லை. களத்தில் இறங்கலாம் என்பதற்குத்தான் அந்தச் சான்று, காளையின் தரம் தெரிவது இறக்கிவிட்ட பிறகு. பேப்பரும் அப்படித்தான். வெளிவந்தபின் மற்றவர்கள் அதே சோதனையைச் செய்கிறார்கள், வேறு கருவியால் அளக்கிறார்கள், எதிரணியில் இருப்பவர் குடைந்து பார்க்கிறார். அதிலும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் டிபார்ட்மென்ட்டில் இனி ‘பியர் ரிவ்யூ ஆனதா?’ என்பதோடு ‘வேறு யார் செய்து பார்த்தார்கள்?’ என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேள்.

ஒரு தகவல், உனக்குப் பிடிக்கும். நேச்சர் ஜர்னலே எல்லாப் பேப்பரையும் வெளி ரெஃபரிக்கு அனுப்பும் வழக்கத்தை முறையாகக் கொண்டுவந்தது 1973-ல்தான். இரட்டைச் சுருள் டி.என்.ஏ. பற்றிய 1953-ம் ஆண்டுப் பேப்பர் அதற்கு முன்பே வந்துவிட்டது. ரெஃபரி இல்லாமலேயே அது நின்றது, ஏனென்றால் பின்னால் செய்த ஒவ்வொரு சோதனையும் அதைத் தாங்கிப் பிடித்தது.

இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் காணாமல் போய்விடும் என்று ஐ.நா. விஞ்ஞானிகள் சொன்னார்கள். பிறகு அது தவறு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இப்படிப் புளுகியவர்களை எப்படி நம்புவது?
— ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், உசிலம்பட்டி

ஐயா, நீங்கள் சொல்வது நடந்த விஷயம். மழுப்ப ஒன்றுமில்லை.

ஐ.பி.சி.சி. என்ற ஐ.நா. காலநிலைக் குழு 2007-ல் தந்த அறிக்கையின் இரண்டாம் தொகுதி, 938 பக்கம். அதில் ஒரு பத்தியில் 2035 என்ற வருடம் இருந்தது. ஆதாரமாகக் காட்டியது ஜர்னல் பேப்பரை அல்ல, டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2005-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையை. அந்த அறிக்கைக்கு ஆதாரம் 1999-ல் ‘நியூ சயின்டிஸ்ட்’ பத்திரிகையில் வந்த ஒரு செய்தி. அதில் ஒரு விஞ்ஞானி பேச்சுவாக்கில் சொன்ன கருத்து இருந்தது. அதாவது அந்த எண் எந்த ரெஃபரியையும் தாண்டி வரவில்லை, பக்கவாட்டில் நுழைந்துவிட்டது. அறிக்கையின் வரைவைப் பார்த்தவர்களில் சிலர் கேள்வி எழுப்பியும் கவனிக்காமல் விட்டார்கள். அது பெரிய குற்றம்.

நம் நாட்டிலும் இது சண்டையானது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற வி.கே. ரெய்னா 2009-ல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். பனிப்பாறைகள் அவ்வளவு வேகமாக உருகுவதற்குச் சான்று இல்லை என்றார். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை வெளியிட்டார். ஐ.பி.சி.சி. தலைவர் பச்சௌரி அதை மந்திரவாத அறிவியல் என்று எள்ளினார். அப்படிப் பேசியது எனக்கு இன்றும் வருத்தம்தான். ரெய்னா கேட்ட கேள்வி நியாயமானது.

இனி, பிழையைக் கண்டுபிடித்தது யார் என்று பாருங்கள். கனடாவின் கிரஹாம் காக்லி, ஆஸ்திரியாவின் கியார்க் காசர் போன்ற பனிப்பாறை நிபுணர்கள். காலநிலை மாற்றம் உண்மை என்று சொல்லும் அதே துறைக்காரர்கள்தான். 2010 ஜனவரி 20-ல் ஐ.பி.சி.சி. தவறை ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டது. பனிப்பாறைகளின் இயற்பியலை விவரிக்கும் முதல் தொகுதியில் அந்த 2035 இல்லவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பனிப்பாறைகள் உருகுவது நின்றுவிட்டதா என்றால், இல்லை. காட்மாண்டுவில் இருக்கும் ஐ.சி.ஐ.எம்.ஓ.டி. என்ற மலைப்பகுதி ஆய்வு மையம் 2019-ல் விரிவான மதிப்பீடு ஒன்றைத் தந்தது. உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் கட்டுப்படுத்தினாலும் இந்துகுஷ் இமயமலைப் பனியில் மூன்றில் ஒரு பங்கு 2100-க்குள் போய்விடும் என்பது அதன் கணக்கு. புளுகு என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன் ஐயா. புளுகுகிறவர்கள் தன் தவறைத் தானே தேடி எடுத்துத் தேதி போட்டு அறிவிக்க மாட்டார்கள். அலட்சியம் என்று சொல்லுங்கள், தலை குனிந்து ஏற்றுக்கொள்கிறேன்.

தெர்மாமீட்டரை எல்லாம் கட்டடங்களுக்கும் ஏ.சி.க்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள். டவுன்ஹால் ரோட்டில் நின்றால் யாருக்குத்தான் சுடாது? ஊர் பெருத்த சூட்டை உலகம் சூடாகிவிட்டது என்று கணக்குக் காட்டுகிறார்கள்.
— ஜவுளிக்கடை உரிமையாளர், டவுன்ஹால் ரோடு, மதுரை

இதே சந்தேகம் வலுவாக இருந்த ஓர் இயற்பியலாளர் அமெரிக்காவில் உண்டு. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த ரிச்சர்டு முல்லர். மற்றவர்கள் போட்ட கணக்கில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 2010 வாக்கில் ஒரு குழு சேர்த்து, உலகெங்கும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களின் அளவீடுகளை எடுத்து முதலிலிருந்து கணக்குப் போட்டார். நிலக்கரி, எண்ணெய் வியாபாரக் குடும்பமான கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் அதற்குப் பணம் கொடுத்தது. நகரத்தைத் தள்ளிவிட்டுக் கிராமப்புற நிலையங்களை மட்டும் வைத்தும் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. பூமி சூடாகியிருக்கிறது, முன்பு மற்றவர்கள் சொன்ன அதே அளவுக்கு. 2012-ல் முல்லர், மனிதனே ஏறத்தாழ முழுக் காரணம் என்று நியூயார்க் டைம்ஸில் தன் பெயர் போட்டு எழுதினார்.

நகரச் சூடு என்பதும் உண்மைதான். டவுன்ஹால் ரோட்டுக்கும் அழகர்கோவில் அடிவாரத்துக்கும் ராத்திரியில் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். ஆனால் பூமியில் பத்தில் ஏழு பங்கு கடல். கடலின் சூடும் ஏறுகிறது. அங்கே ஏ.சி. எதுவும் ஓடவில்லையே.

ஒரு எரிமலை வெடித்தால் மனிதன் நூறு வருடத்தில் விட்ட புகையை ஒரே நாளில் விட்டுவிடும் என்கிறார்களே?
— திருமங்கலம் வாசகி

தவறு. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரிப்பதால் மட்டும் வருடத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. உலக எரிமலைகள் எல்லாம் சேர்ந்து வருடம் முழுக்க விடுவது அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

2024 அக்டோபரில் செல்லூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அமெரிக்காவின் ‘ஹார்ப்’ கருவியால் மேகத்தை இழுத்துக் கொட்டினார்கள் என்று பக்கத்துத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.
— இல்லத்தரசி, செல்லூர்

ஹார்ப் அலாஸ்காவில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகம் நடத்துகிறது. தரைக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் அயனி மண்டலத்தை ரேடியோ அலையால் ஆராயும் நிலையம் அது. நம் மழை மேகம் எவ்வளவு உயர்ந்தாலும் பதினைந்து பதினெட்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அலாஸ்காவிலிருந்து செல்லூர் மேகத்தைத் தொட அதற்கு வழியில்லை. உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கோபத்தைக் கண்மாய் வாய்க்கால்களை அடைத்தவர்கள் பக்கம் திருப்புங்கள் அம்மா, அங்கே கேட்க நிறையக் கேள்வி இருக்கிறது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், டிகிரிக்கு ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதலாக. கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு.

பியர் ரிவ்யூ என்பதே ஒரு கூட்டணி. எதிர்க்கருத்து சொல்லும் விஞ்ஞானிகளை உள்ளே விடுவதில்லை. கலிலியோவையும் அன்று இப்படித்தான் ஒதுக்கினார்கள். உண்மை எப்போதும் தனி மனிதனிடம்தான் இருக்கும்.
— வழக்கறிஞர், வாடிப்பட்டி

சார், நீங்கள் வழக்கறிஞர், எனவே சாட்சியங்களாகவே தருகிறேன்.

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி என்று இருவர். காலநிலை எச்சரிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்பவர்கள். 1990-ல் செயற்கைக்கோள் மூலம் வளிமண்டல வெப்பத்தை அளக்கும் முறையை ‘சயின்ஸ்’ ஜர்னலில் வெளியிட்டார்கள். உலகின் முதல்தர ஜர்னல் அது. தொண்ணூறுகளில் அவர்கள் தரவு, பூமி சூடாகவில்லை, லேசாகக் குளிர்கிறது என்றே காட்டியது. யாரும் அதை மறைக்கவில்லை. பெரிய வாதமாகவே நடந்தது. 1998-ல் வென்ட்ஸ், ஷாபெல் என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். செயற்கைக்கோள் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ இறங்குகிறது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2005-ல் இன்னொரு பிழையும் வெளிவந்தது. செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் வருடங்கள் போகப்போக நகர்ந்துகொண்டிருந்தது, அதற்கான திருத்தத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். கிறிஸ்டியும் ஸ்பென்சரும் திருத்திக்கொண்டார்கள். இன்று அவர்கள் தரவே பூமி சூடாவதைத்தான் காட்டுகிறது. எதிர்க்கருத்து உள்ளே வந்தது, பிழையோடுகூட வந்தது, களத்தில் திருத்தப்பட்டது.

அடுத்தது நீங்கள் சொல்வதற்கு நேர் எதிரான வழக்கு. 2003-ல் ‘கிளைமேட் ரிசர்ச்’ ஜர்னலில் வில்லி சூன், சாலி பாலியுனஸ் எழுதிய பேப்பர். இருபதாம் நூற்றாண்டு வெப்பத்தில் அசாதாரணம் ஒன்றுமில்லை என்றது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் பணமும் அதற்குப் பின்னால் இருந்தது. ஈரமான காலம், வறண்ட காலம் எல்லாவற்றையும் சூடான காலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய ஆய்வுகளை மேற்கோள் காட்டினார்களோ அவர்களிலேயே பலர், ‘நாங்கள் சொன்னது அதுவல்ல’ என்று எழுதினார்கள். தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்கவிருந்த ஹான்ஸ் வான் ஸ்டார்க், இந்தப் பேப்பரை விட்டது தவறு என்று தலையங்கம் எழுத முயன்றார், வெளியீட்டாளர் தடுத்தார். அவர் விலகினார், கூட வேறு சில ஆசிரியர்களும் விலகினார்கள். இங்கே வடிகட்டி ஓட்டையானது எதிர்க்கருத்துக்குச் சாதகமாக.

கலிலியோவுக்கு வருகிறேன். அவரைத் தண்டித்தது திருச்சபை. சக வானியலாளர்கள் செய்தது வேறு. 1610-ல் வியாழனுக்கு நிலவுகள் உண்டு என்று அவர் அறிவித்தார். அதே வருடம் கெப்ளரும் ரோமில் இருந்த பாதிரியார் வானியலாளர்களும் தொலைநோக்கியால் பார்த்து ‘ஆமாம், இருக்கிறது’ என்றார்கள். தனி மனிதனிடம் உண்மை தொடங்கலாம். மற்றவர்களும் பார்க்க முடிந்தால்தான் நிலைக்கும்.

ஐன்ஸ்டீனையும் சொல்லிவிடுகிறேன். 1936-ல், ஈர்ப்பு அலைகள் என்று ஒன்று கிடையாது என்று ‘பிசிக்கல் ரிவ்யூ’வுக்கு ஒரு பேப்பர் அனுப்பினார். எடிட்டர் அதை ரெஃபரிக்கு அனுப்ப, ரெஃபரி பிழை இருக்கிறது என்று நீளமாக எழுதினார். ‘அச்சுக்கு முன்னால் இன்னொருவரிடம் காட்ட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?’ என்ற பாணியில் ஐன்ஸ்டீன் கோபப்பட்டுப் பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் ரெஃபரி சொன்னதுதான் சரி. ராபர்ட்சன் என்ற அந்த இயற்பியலாளர், தான்தான் ரெஃபரி என்று சொல்லாமலேயே ஐன்ஸ்டீனின் உதவியாளரிடம் பேசிப் புரியவைத்தார். மறுவருடம் வேறு ஜர்னலில், முடிவை மாற்றி அந்தப் பேப்பர் வந்தது. ஈர்ப்பு அலைகளை 2015-ல் நேரடியாகவே பதிவு செய்துவிட்டார்கள். ஐன்ஸ்டீனுக்கே ரெஃபரி தேவைப்பட்டார் சார், அந்த வீடியோக்காரருக்கு வேண்டாமா?

பழைய கூட்டணிப் புகாரை நான் முழுசாகத் தள்ளவில்லை. ரெஃபரிகளுக்குச் சாய்வு உண்டு, பெரிய பல்கலைக்கழகப் பெயரைப் பார்த்து இளகுகிறவர்களும் உண்டு. நம் ஊர்க் கல்லூரி முகவரியைப் பார்த்ததும் பேப்பரை அலட்சியமாகப் புரட்டுகிறவர்களை நானே அறிவேன். ஆனால் அந்த அநியாயத்தால் அடிபட்டது எங்களைப் போன்றவர்கள். எண்ணெய்க் கம்பெனிப் பணம் இருந்தவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது.

மேடம், மேலூர் பக்கத்துக் கண்மாய்களில் நீர் ஆவியாவதைப் பற்றி பிஎச்.டி. செய்கிறேன். ஒரு ‘இன்டர்நேஷனல் ஜர்னலில்’ இருந்து மெயில் வந்தது. பணம் கட்டினால் மூன்று நாளில் ரிவ்யூ முடித்து வெளியிடுகிறார்களாம். சீக்கிரம் பேப்பர் போட்டால்தான் வேலை என்று வீட்டில் அவசரப்படுத்துகிறார்கள். பணம் கட்டலாமா?
— ஆராய்ச்சி மாணவர், மேலூர்

கட்டாதே தம்பி.

மூன்று நாளில் ஒரு நல்ல ரெஃபரியைத் தேடிப் பிடிக்கவே முடியாது. 2013-ல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே அபத்தமான பிழைகளோடு ஒரு போலிப் பேப்பர் தயாரித்து, கட்டணம் வாங்கும் 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் இந்திய முகவரிகள் கணிசம். நம் யு.ஜி.சி. 2018-ல் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை ஒரே அறிவிப்பில் நீக்கியது. அவற்றில் பேப்பர் போட்டு வைத்திருந்த பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் என்ன பாடுபட்டார்கள் என்று கண்ணால் பார்த்தவள் நான்.

இதற்கும் அந்த வீடியோவுக்கும் சம்பந்தம் இருக்கிறது. காசுக்கு முத்திரை குத்தும் கடைகள் பெருகியதால்தான், எந்தக் கதைக்கும் ‘ஜர்னலில் வந்தது’ என்று ஒரு சீட்டைக் காட்ட முடிகிறது. நீ கட்டும் பணம் அந்தக் கடைக்கு வாடகை.

உன் வேலையை நான் மதிக்கிறேன். கண்மாய் நீர் எவ்வளவு ஆவியாகிறது என்று இந்தப் பகுதியில் நேரில் அளந்த தரவு கையில் இருந்தால் அது அருமையான விஷயம். அளந்த பாத்திரத்தின் அளவு, வைத்த இடம், நிழல் விழுந்ததா, ஆடு மாடு தண்ணீர் குடித்ததா, மழை நாளில் என்ன செய்தாய், எல்லாவற்றையும் நோட்டில் எழுதியபடியே மூலத் தரவாக வைத்துக்கொள். இந்தத் துறையில் நிலைத்த ஜர்னல் எது என்று கைடிடம் கேள், அவர் அவசரப்படுத்தினால் துறையில் வேறு ஒருவரிடம் கேள். அனுப்பிய பிறகு ரெஃபரி நான்கு பக்கம் குறை எழுதி அனுப்பினால் மனம் உடையாதே. ஒவ்வொரு குறைக்கும் வரிசையாகப் பதில் எழுது. முதல் வரைவு தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பத்திரிகை முகவரிக்கே அனுப்பலாம். கண்மாய்க் கரையில் எந்தப் பக்கம் பாத்திரத்தை வைத்தாய் என்ற படத்தையும் சேர்த்து அனுப்பு, நான் முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.